அடுக்குமாடியில் டிரம்ஸ் பழக

டிரம்ஸ் கற்க ஆசை, ஆனால் அடுக்குமாடி வீடு என்றால் முதலிலேயே முழு செட் வாங்காதீர்கள். ரப்பர் பிராக்டிஸ் பேட் ஒன்றும் ஒரு ஜோடி 5ஏ (நடுத்தரப் பருமன்) குச்சிகளும் போதும். பேடை மேசைமேல் வைத்தால் மேசையும் சேர்ந்து அதிரும். அடியில் துண்டை மடித்துப் போடுங்கள்.

சீராக டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்து, ஒரு டிக்குக்கு நான்கு அடி என்று பாராடிடில் என்ற அடிப்படைப் பயிற்சியை வாசியுங்கள்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. குச்சி இரண்டு அங்குலத்துக்கு மேல் எழக் கூடாது. சத்தமும் குறையும், கையும் அடங்கும். மெதுவாக, சீராக வாசிப்பதுதான் உண்மையில் கடினம். தலையணையிலும் அடிக்கலாம், குச்சி எகிறாததால் மணிக்கட்டுக்கு நல்ல வேலை.

அப்புறம் எலக்ட்ரானிக் டிரம்ஸ். ஹெட்போன் போட்டால் சத்தமே இருக்காது என்பார்கள். வலைத்துணி போர்த்திய மெஷ் பேடில் கைக்கு அது ஓரளவு சரி, கால்தான் பிரச்சினை. காலால் மிதிக்கும் கிக் பெடலின் ஒவ்வொரு அடியும் தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். கம்பளம் மட்டும் போட்டால் நிற்காது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து மேடை செய்யுங்கள். கீழ்ப் பலகையில் துளை போட்டு உட்கார வைத்தால் பந்து உருளாது. செட், ஸ்டூல் எல்லாமே அதன்மேல் இருக்கட்டும். பலகை சுவரைத் தொடவே கூடாது. தொட்டால் அதிர்வு அந்த வழியாகப் போய்விடும்.

மேடை தயாரானதும் வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்களே கீழ்வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். இன்னும் சத்தம் கேட்டால் பீட்டர் (பேடை அடிக்கும் சுத்தியல் போன்ற பகுதி) இல்லாத பெடலுக்கு மாறிவிடுங்கள்.