ரேஸுக்கு முன் பிள்ளைகளிடமிருந்து போனை எப்போது, எப்படி வாங்கி வைப்பது

200 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் மூன்றாவது ஐம்பது மீட்டர்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முதல் இரண்டும் உற்சாகத்தில் போய்விடும், கடைசி ஐம்பது முடிவுச் சுவர் இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாவதில்தான் தோள் கனக்கும், ‘கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமே’ என்று மனசு பேரம் பேசும். என்னிடம் நீந்தும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு போட்டியில் அந்த இடத்தில் மட்டும் இரண்டு விநாடிக்கு மேல் இழந்தாள். பயிற்சியில் ஒருநாளும் அப்படி ஆனதில்லை. அன்று ரேஸுக்கு முன் வீரர்களைக் கூட்டி வைக்கும் அழைப்பு அறைக்குப் போகும்வரை துண்டைத் தோளில் போட்டுக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. “அஞ்சு நிமிஷந்தான் கோச்” என்றாள். நான் பார்த்தே அரை மணி நேரம் ஆகியிருந்தது. அன்று போனை வாங்காமல் விட்டது என் தவறு.

போன் கை கால் பலத்தைத் தின்பதில்லை, தாங்கும் மனசைத்தான் தின்கிறது. 2009இல் விளையாட்டு உடலியல் ஆய்வாளர் சாமுவேல் மார்கோரா குழுவினர் 16 பேரைச் சோதித்தார்கள். 90 நிமிடம் கவனத்தைப் பிழியும் கணினி வேலை செய்துவிட்டு சைக்கிள் மிதித்த நாளில் சராசரியாக 640 விநாடியில் ஓய்ந்தார்கள். அதே ஆட்கள் ஆவணப்படம் பார்த்த நாளில் 754 விநாடி தாக்குப்பிடித்தார்கள். இதயமும் தசையும் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் வேலை செய்தன, ‘முடியல’ என்ற உணர்வுதான் முந்திக்கொண்டது. ஆவணப்படமும் திரையில்தான் ஓடியது என்பதைக் கவனியுங்கள். நம்மைக் களைப்பாக்குவது வெளிச்சம் இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பார், பிடிக்கிறதா, பதில் போடலாமா, அடுத்தது என்று மனசு ஓயாமல் முடிவெடுக்கிறதே, அந்த வேலைதான். பிரேசிலில் தேர்ந்த நீச்சல் வீரர்களை 30 நிமிடம் சமூக ஊடகம் பார்க்கவிட்டு நீந்தச் சொன்னபோது 50 மீட்டர் நேரம் மாறவில்லை, 100இலும் 200இலும் அடி விழுந்தது. கால்பந்து வீரர்களுக்கு 15 நிமிடம் ஒன்றும் செய்யவில்லை. 30 நிமிடம் பார்த்த பிறகு பந்தை யாருக்குத் தள்ளுவது என்ற முடிவே பிசகியது.

அதனால் என் கணக்கு இது: ரேஸுக்கு ஒரு மணி நேரம் முன்பு போன் என் பைக்கு வந்துவிட வேண்டும். காலை ஹீட்ஸ் எனும் தகுதிச் சுற்றுக்கும் மாலை ஃபைனலுக்கும் நடுவே பத்து நிமிடம் தருவேன், அதற்கு மேல் இல்லை.

ஆனால் போட்டியன்று திடீரெனப் பிடுங்காதீர்கள். அது பதற்றத்தைத்தான் கூட்டும். மூன்று வாரம் முன்பே பயிற்சி நாட்களில் பழக்குங்கள். நம்பாத பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு நாள் அரை மணி நேரம் போன் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் பார்க்காமல், ஒரே 200 மீட்டரை முழு வேகத்தில் நீந்தச் சொல்லுங்கள். நேரத்தோடு, எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு ஒரு எண்ணும் எழுதச் சொல்லுங்கள். நாம் சொல்வதைவிட அந்த நோட்டு நன்றாகப் பேசும்.

போனை எடுக்கச் சாக்குகளும் வரும். ‘ஹீட், லேன் பார்க்கணும்’ என்பார்கள். பேனாவால் முன்கையில் எழுதிவிடுங்கள், இவென்ட், ஹீட், லேன் மூன்றும். ‘பாட்டு கேட்டாத்தான் படபடப்பு அடங்கும்’ என்பது நியாயமான காரணம், அதை மறுக்க மாட்டேன். முந்தின நாளே பாடல்களை இறக்கி வரிசைப்படுத்தி, ஏரோபிளேன் மோடில் போட்டு, திரை பைக்குள்ளே, இயர்போன் மட்டும் வெளியே. பெற்றோரிடமும் சொல்லி வையுங்கள், வாழ்த்தெல்லாம் ரேஸ் முடிந்த பிறகு.

கை காலியானால் என்ன செய்வது? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சும்மா இரு என்றால் பிள்ளை பயத்தைத்தான் மெல்லும். நான் ஸ்டாப்வாட்ச் கொடுப்பேன். கண்ணை மூடி, ஸ்டார்ட் அழுத்தி, மனசுக்குள் ரேஸை முழுதாக நீந்த வேண்டும். டைவ், ஒவ்வொரு டர்ன், மூன்றாவது ஐம்பதின் வலி, எல்லாம். சுவரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். முதலில் இருபது விநாடி முன்னேபின்னே வரும், பழகப் பழக ஓரிரு விநாடிக்குள் நெருங்கும். அப்புறம் எழுந்து நடை, தோள் சுழற்றல், அவ்வளவுதான்.

முந்தின இரவு போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். 2009 முதல் 2016 வரை அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் 112 வீரர்களைப் பார்த்த ஆய்வில், இரவு பதினொரு மணிக்கு மேல் ட்வீட் போட்டவர்கள் மறுநாள் சராசரியாக ஏறக்குறைய ஒரு புள்ளி குறைவாக எடுத்தார்கள். ட்வீட் தூக்கம் கெட்டதன் அடையாளம்தான், ஆனாலும் 200 மீட்டரில் பதக்கம் விநாடிக்கும் குறைவான இடைவெளியில்கூடப் போய்விடும்.

அந்தப் பெண் இப்போது தானாகவே போனை அணைத்து என் கையில் தருகிறாள். ரேஸ் முடிந்து உடலைத் தளர்த்த மெதுவாகக் கூல்டவுன் நீந்தி, நான்கு ஐம்பதுகளின் நேரத்தையும் நோட்டில் எழுதிய பிறகு திருப்பித் தருகிறேன்.