பழைய சாஃப்ட்வேர், புதிய நெட்வொர்க் டிரைவ்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

சர்வரை மாற்றியாச்சு, ஃபைல்கள் எல்லாம் வந்தாச்சு, எல்லோருக்கும் திறக்கிறது, ஒரே ஒரு பழைய புரோகிராம் மட்டும் "ஃபைல் இல்லை" என்று அடம்பிடிக்கிறது. உடனே யாராவது ஒருவர் அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் முழு பெர்மிஷன் கொடுத்துவிடுவார். தயவுசெய்து வேண்டாம். அதே பயனர் அதே ஃபைலை வேறொரு புரோகிராமில் திறக்க முடிகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் பெர்மிஷனில் இல்லை, அந்தப் புரோகிராமுக்குள் தேடுங்கள்.

லினக்ஸில் இதற்கு அடிக்கடி காரணமாவது ஐனோட் எண், அதாவது ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு ஃபைலுக்கும் கொடுக்கும் அடையாள எண். லினக்ஸ் கணினிகள் நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் முறையில் பதிப்பு 3 முதல் ஒவ்வொரு ஃபைலுக்கும் 64 பிட் எண் வருகிறது. பழைய 32 பிட் புரோகிராம் பெரிய ஃபைல்களுக்கான வசதி இல்லாமல் கம்பைல் செய்யப்பட்டிருந்தால், சுமார் 429 கோடியைத் தாண்டிய எண்ணை வாங்கிக்கொள்ள அதில் இடமே இல்லை, 'எண் கொள்ளவில்லை' என்னும் ஈஓவர்ஃப்ளோ பிழை திரும்பி வரும், ஆனால் பல புரோகிராம்கள் அதைச் சரியாகச் சொல்லாமல் "ஃபைல் காணோம்" என்று முடித்துக்கொள்ளும். ஒரே ஃபோல்டரில் சில ஃபைல்கள் திறக்கும், சில திறக்காது. அதைப் பார்த்துவிட்டு டிஸ்க் கெட்டுவிட்டது, ரீஇன்ஸ்டால் செய்யலாம் என்று கிளம்பாதீர்கள். புரோகிராம் கெர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை வைத்து ஒரு தடவை ஓட்டினால் குட்டு வெளிப்படலாம்.

புரோகிராமின் சோர்ஸ் (மூல நிரல்) கையில் இருந்தால் ஃபைல் ஆஃப்செட்டை 64 பிட் ஆக்கி மறுபடி கம்பைல் செய்வதுதான் சரியான வழி. இல்லையென்றால் கிளையன்டில் என்எஃப்எஸ் மாட்யூலின் 'எனேபிள் ஐனோ64' அமைப்பைப் பூஜ்யமாக்கலாம், விண்டோஸ் வகைப் பகிர்வை இணைக்கும் சிஐஎஃப்எஸ் மவுண்ட் என்றால் 'நோசர்வர்ஐனோ' என்ற விருப்பத்தைக் கொடுக்கலாம். இரண்டுக்கும் விலை உண்டு: முதலாவதில் இரண்டு ஃபைல்களுக்கு ஒரே எண் விழ வாய்ப்பிருக்கிறது, இரண்டாவதில் ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) அடையாளம் போய்விடும், ஆகவே பேக்கப் ஓடும் கணினியில் இவற்றை வைக்காதீர்கள். சர்வரில் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இருந்து அதை 'ஐனோட்32' என்று மாற்றி மவுண்ட் செய்தவர்கள் ஏமாறுவது இன்னொரு இடத்தில். அது இனி உருவாகும் ஃபைல்களுக்குத்தான். ஏற்கெனவே பெரிய எண் வாங்கிய பழைய ஃபைல் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது எஸ்எம்பி 1, விண்டோஸ் ஃபைல் பகிர்வு முறையின் பழைய பதிப்பு. பழைய ஸ்கேனர் ஒன்று புதிய சர்வரில் எழுத மறுக்கிறது என்பதற்காகச் சர்வர் முழுக்க எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிடுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் சர்வர் பக்கம் அது தானாக நிறுவப்படுவதில்லை, லினக்ஸில் இதே பகிர்வைத் தரும் சாம்பாவும் 4.11-இல் அதை இயல்பாக அணைத்துவிட்டது. ஸ்கேனரில் எஃப்டிபி, மெயில் என்று வேறு வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேறு வழியே இல்லையா, சரி, தனியாக ஒரு சின்ன கணினியில் மட்டும் திறந்து, அந்த ஸ்கேனரைத் தவிர யாரும் அதைத் தொட முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள்.

டிபிஎஃப், எம்டிபி (பழைய டேட்டாபேஸ் ஃபைல்கள்) மாதிரி பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஃபைல்கள்தான் எனக்குப் பெரிய பயம். மற்றவை வேலை செய்யாமல் நின்றுவிடும், இவை நன்றாக வேலை செய்துகொண்டே கெட்டுப்போகும். ஒருவர் உட்கார்ந்து சோதித்துவிட்டு "ஓடுகிறது" என்று சொல்வது சோதனையே இல்லை, குறைந்தது இரண்டு கணினியிலிருந்து ஒரே ஃபைலில் எழுதிப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஆப்லாக்கை (ஃபைலைக் கிளையன்ட் தன்னிடமே தற்காலிகமாக வைத்துக்கொள்ளச் சர்வர் தரும் அனுமதியை) நிறுத்தும் பழைய வைத்தியம் எஸ்எம்பி 1-க்கு மட்டுமே பொருந்தும், எஸ்எம்பி 2-இலும் அதற்கு மேலும் அது எதையும் செய்யாது. சாம்பாவில் 'வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ்' என்று குறிப்பிட்ட எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் நிறுத்தலாம், மற்ற ஃபைல்களின் வேகம் குறையாது. எஸ்கியூலைட் டேட்டாபேஸ் ஃபைலாக இருந்தால் பேச்சே வேண்டாம், லோக்கல் டிஸ்க்குக்கு மாற்றுங்கள், மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் அதன் வால் (WAL) முறை நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தில் வேலை செய்யாது.

அப்புறம், டெராபைட் கணக்கில் காலி இடம் இருந்தும் இன்ஸ்டாலர் "இடம் போதாது" என்றால் எதையும் அழிக்கத் தொடங்காதீர்கள். அவ்வளவு பெரிய எண்ணை எண்ணத் தெரியாத புரோகிராம் அது. சாம்பாவில் 'மேக்ஸ் டிஸ்க் சைஸ்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது, டிஸ்க்கைச் சிறியதாகக் காட்டும், உண்மையில் எழுதும் அளவைக் கட்டுப்படுத்தாது.