மறந்துபோன மறுபதிப்பைத் தேடிப் பிடிப்பது எப்படி

ஒருவர் பாடிய பாட்டை வேறொருவர் மீண்டும் பாடிப் பதிவு செய்வதைத்தான் இங்கே மறுபதிப்பு (கவர்) என்கிறேன். அதைத் தேடும்போது பாடகர் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். புகழ்பெற்ற குரல்தான் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். நான் எப்போதும் பாட்டை எழுதியவர் பெயரில்தான் தொடங்குவேன். இசைத்தட்டின் லேபிளில் பாட்டின் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் அது இருக்கும். பாட்டின் பெயரையும் அதையும் சேர்த்து மூலப் பாட்டுகளையும் மறுபதிப்புகளையும் தொகுத்துத் தரும் செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் தளத்தில் தேடினால் ஆண்டு வாரியாகப் பட்டியல் வரும். அதில் மூலத்துக்கும் பெரிய வெற்றிக்கும் நடுவில் உள்ள ஆண்டுகளைப் பாருங்கள். புதையல் பெரும்பாலும் அங்கேதான்!

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974-ல் வெளியிட்டது. 1992-ல் விட்னி ஹூஸ்டன் உலகத்தையே கேட்க வைத்தார். நடுவில், 1975-ல், லிண்டா ரான்ஸ்டாட் பாடியதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? விட்னியின் பதிவுக்கு முன்மாதிரியே அதுதான். டாலி பேச்சாகச் சொல்லும் கடைசிச் சரணம் லிண்டாவிடம் இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், எது எங்கிருந்து வந்தது என்று காதே சொல்லிவிடும்.

கிடைத்ததை உடனே நம்பிவிட வேண்டாம். இணையத்தில் பாடகர் பெயரை மாற்றிப் போட்ட பதிவுகள் ஏராளம். இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தத் தட்டின் லேபிள் படத்தைத் திறந்து, பட்டியல் எண்ணையும் (நிறுவனம் தட்டுக்குத் தரும் எண்) பாட்டின் நீளத்தையும் உங்களுக்குக் கிடைத்த பதிவோடு ஒப்பிடுங்கள். பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிங்கிள் தட்டென்றால், பி பக்கம் எனப்படும் பின்பக்கத்தையும் விடாதீர்கள்; அருமையான மறுபதிப்புகள் பல அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கின்றன.