புதுப்பித்த டிரைவ் வாங்குகிறீர்களா?

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவ் ஒன்றைப் புதுப்பித்தது என்று சொல்லி விற்றால், வெளியே அடித்த பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் கூலிங் ஃபேனையும் மாற்றினார்களா, மோட்டாரை இணைத்து லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். 'ஆன் ஆகிறது' என்பதெல்லாம் ஒரு டெஸ்ட்டா?

அப்புறம், ஒரு வருடத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடந்த டிரைவுக்கு எடுத்தவுடன் முழு வோல்டேஜ் கொடுக்கக் கூடாது. கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஆக்சைடு படலம் பலவீனமாகியிருக்கும். கசிவு மின்னோட்டம் கூடி, சூடாகி, வெடிக்கக்கூடச் செய்யலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி, குறைந்த வோல்டேஜில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். சில மணி நேரம் பிடிக்கலாம், பரவாயில்லை.

இப்போது மோட்டாரில் இருக்கும் உங்கள் பழைய டிரைவ் இன்னும் உயிரோடு இருந்தால், கழற்றும் முன் அதன் பாராமீட்டர்களை, அதாவது அதில் உள்ள செட்டிங்குகளை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.