வாளியைப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள்

தாயகம் செல்பவர்கள் கடவுச்சீட்டு, நுளம்புத் தைலம், உறவினர்களுக்கான சொக்கலேற் என எல்லாவற்றையும் இரண்டு மாதங்களுக்கு முன்பே அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வயிற்றைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

சோதனை விமானத்திலேயே ஆரம்பமாகும். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீற்றர் உயரமான மலையில் இருப்பதைப் போலக் குறைந்திருப்பதால், குடலில் அடைபட்ட வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரிந்துவிடும். ஆகவே வாயு நிரப்பிய குளிர்பானத்தையும், காற்றை விழுங்கச் செய்யும் சுவிங்கத்தையும் தவிர்த்து, இடுப்புப் பட்டியை ஒரு துளை தளர்த்திக்கொள்ளுங்கள். நலமான ஒருவருக்கே நாளொன்றுக்குப் 10 முதல் 20 தடவை காற்றுப் பிரியும் என்பதால், பத்து மணிநேரப் பயணத்தில் அதை முழுவதும் அடக்கிவைப்பது வீண் வைராக்கியம். எழுந்து கழிப்பறைப் பக்கம் நடப்பதே நாகரிகம். இயந்திர இரைச்சல் ஓசையை மறைக்கும், மணத்தை மறைக்காது. பிரியும் வாயுவில் பெரும்பகுதி மணமற்றது. மூக்கைப் பிடிக்க வைப்பவை அதிலுள்ள மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மங்களே.

இனி வீடு. நான் இறங்கிய முதல் மாலை, விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு உறவினர்கள் கூடியிருக்க, கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். அலுவல் முடிந்த பிறகுதான், வாளியில் ஒரு கையளவு தண்ணீரும் அதில் மிதக்கும் ஒரு செத்த எறும்பும் இருப்பதைக் கண்டேன். குழாயைத் திருகினால் அது இருமியதே தவிர நீர் வரவில்லை. "மாமி" என்று மெல்ல அழைத்தேன். மாமிக்குக் காது மந்தம். மூன்றாம் முறை நான் கத்தியது மாமியைத் தவிர எல்லோருக்கும் கேட்டது. "தம்பிக்குத் தண்ணி வேணுமாம், மோட்டரைப் போடுங்கோ!" என்று யாரோ கிணற்றடி வரை குரல் கொடுத்தார்கள். அன்றிலிருந்து நான் முதலில் வாளியைப் பார்க்கிறேன், பிறகே தாழ்ப்பாளைத் தொடுகிறேன்.

வாளி பாதி காலியாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. குழாயைத் திறந்துவிட்டால் அதில் விழும் நீரின் ஓசை மற்ற ஓசைகளை விழுங்கிவிடும். நிறைந்த வாளி அந்த உதவியைச் செய்யாது. சுவரின் மேல் திறந்திருக்கும் காற்றுப்போக்கி உங்கள் இரகசியத்தைச் சமையலறைக்கு எடுத்துச் செல்லும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

குந்தியிருக்கும்போது மலக்குடலின் வளைவு நிமிர்வதால் கழிவு எளிதாக வெளியேறும். ஆயினும் பல வருடங்களாகக் கொமட்டில் அமர்ந்து பழகிய முழங்கால்களுக்கு இந்த உடற்கூற்றியல் புரியாது. புறப்படுவதற்கு முன் சில வாரங்கள் வீட்டில் குந்திப் பழகுங்கள். காற்சட்டையின் பின்பையிலுள்ள கைபேசியை வெளியே வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். குழிக்குள் விழுந்த கைபேசியை எடுக்கத் துணிபவர் அரிது. தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றுவதைவிட, இரண்டு மூன்று லீற்றரை ஒரே வீச்சில் ஊற்றினால்தான், குழியின் அடியில் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயான நீர்ப்பொறியைக் கழிவு தாண்டும். டிஷ்யூ தாளை அதற்குள் போடாதீர்கள். அடைப்பை எடுக்க ஆள் வரும்போது, குற்றவாளி யார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். கக்கூஸ் என்ற சொல்லையே ஒல்லாந்தரிடம் வாங்கிய நாம், அவர்களின் காகிதப் பழக்கத்தை வாங்காததற்கு இந்தக் குழாய்கள் நன்றி சொல்லும்.

வயிற்றோட்டம் கண்டால் ஒரு பைக்கற் ஜீவனியை (உப்பும் குளுக்கோசும் கலந்த நீரிழப்புத் தடுப்புத் தூள்) ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, அடிக்கடி சிறிது சிறிதாகக் குடியுங்கள். இரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அந்நாட்களில் வருவது காற்றுத்தான் என்று உறுதியாகத் தோன்றினாலும் நம்ப வேண்டாம். வெள்ளை வேட்டியுடன் கோயிலுக்குப் போகும் திட்டத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.