பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு: வீட்டிலும் சிகிச்சையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் தாய் காரணமில்லாமல் அழுவார், சின்ன விஷயத்துக்கும் சிடுசிடுப்பார், அடுத்த நிமிடமே சிரிப்பார். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இது வரும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும்தான் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும், மருந்து வேண்டாம்.

முதல் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மாதமாகியும் அழுகை நிற்காத பெண்ணிடமும் "எல்லாருக்கும் வர்றதுதான், போகப்போகச் சரியாயிடும்" என்று அதே பதிலைச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்தைத் தாண்டியும் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்துக் கிடந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வராவிட்டாலோ, "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரசவமான கையோடுதான் இந்த மனச்சோர்வு வரும் என்றில்லை. கர்ப்பத்திலேயே தொடங்கலாம், குழந்தைக்கு ஆறு மாதமான பிறகும் வரலாம். இந்திய ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் 22 சதவீதத் தாய்மார்களுக்கு இந்த மனச்சோர்வு இருக்கிறது.

கூட்டத்தில் வைத்துக் கேட்பது

தடுப்பூசிக்காக 6, 10, 14-வது வாரங்களில் தாயும் குழந்தையும் எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். குழந்தையின் எடையைக் குறிக்கிறார்கள். தாயிடம் "நல்லா இருக்கியாம்மா?" என்பதோடு சரி. பக்கத்தில் மாமியாரோ அம்மாவோ நிற்கையில் யாரும் "இல்லை" என்று சொல்லப்போவதில்லை. தனியே அழைத்து இரண்டு கேள்வி கேட்டால் போதும்: கடந்த ஒரு மாதத்தில் மனம் சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போன உணர்வு அடிக்கடி இருந்ததா? முன்பு பிடித்த விஷயங்களில் ஆர்வம் குறைந்துவிட்டதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் எடின்பரோ அளவுகோலைக் கொடுக்கலாம். 1987-ல் வெளியான இந்தப் படிவம் தமிழிலும் உண்டு. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13-ஐத் தொட்டால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம் என்று பொருள். நோய் இருக்கிறது என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை.

கணவர் வாசிக்க, மனைவி தலையாட்ட நிரப்பிய படிவத்தை நம்ப முடியாது. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் பத்தாவது கேள்வியைத் தாண்டிப் போவது அதைவிட ஆபத்து. தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய கேள்வி அது. மொத்தம் 5 மதிப்பெண்தான் என்றாலும், பத்தாவதில் பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் அன்றைக்கே பேசியாக வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமல் விட்டால்தான் அவர் அதைத் தனியாகச் சுமப்பார்.

அவசரத்தை அடையாளம் தெரியாமல் போவது

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், கடுமையான மனநோய் வரும். தூக்கமே தேவைப்படாத பரபரப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, காதில் குரல், இது என் குழந்தையே இல்லை என்ற அசையாத நம்பிக்கை ஆகியவை அதன் அறிகுறிகள். "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போய் மூன்று நாளை இழந்துவிடக் கூடாது. அன்றிரவே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை தாயைத் தனியாக விடக் கூடாது, குழந்தையை அவரிடம் தனியாக விட்டுப் போகவும் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. "குழந்தை கைநழுவி விழுந்துட்டா? நானே ஏதாவது செஞ்சுட்டா?" என்று வேண்டாத எண்ணங்கள் வந்து, அவற்றுக்காகவே நடுங்கும் தாய்மார்கள் பலர். எண்ணத்தைக் கண்டு பயந்து, கத்தியை எடுத்து ஒளித்து வைப்பவர் இவர். இது பதற்ற நோயின் சாயல், குரல் கேட்கும் மனநோய் வேறு. இவரிடமிருந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டால் குற்றவுணர்வு இரட்டிப்பாகும், அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். எந்த வகை என்று வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாமல் மனநல மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

மாத்திரையில் நேரும் தவறுகள்

மருந்து எழுதும் முன் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டிஎஸ்எச்சும் பார்த்திருக்க வேண்டும். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சியும் மனச்சோர்வைப் போலவே சோர்வையும் மந்தத்தையும் கொடுக்கும். பால் சுரக்கவென்று மெட்டோகுளோப்ரமைடு மாத்திரை போகிறதா என்பதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு அதன் தெரிந்த பக்கவிளைவு. முன்பு எப்போதாவது தூக்கமில்லாமலே அதீத உற்சாகத்தோடு இருந்த நாட்கள் உண்டா, குடும்பத்தில் இருதுருவ நோய் (அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உண்டா என்பதை மறைக்கவே கூடாது. அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுகோடிக்குத் தள்ளிவிடலாம்.

பால் கொடுப்பதால் மாத்திரையே வேண்டாம் என்பதும், மாத்திரை எடுப்பதால் பாலை நிறுத்துவதும் பெரும்பாலும் தேவையற்ற முடிவுகள். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கமாக முதலில் எழுதப்படும் செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். மாத்திரை போட்டதும் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. குழந்தை வழக்கத்தைவிட மந்தமாக இருக்கிறதா, பால் குடிக்கிறதா, எடை ஏறுகிறதா என்று பார்த்துவந்தால் போதும். குறைமாதக் குழந்தையானால் குழந்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். முன்பு வேறொரு மருந்து நன்றாக வேலை செய்திருந்தால் அதையே தொடர்வது நல்லதா என்று கேளுங்கள்.

முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம். பக்கவிளைவு முதலில், பலன் பிறகு என்ற இந்த வரிசை தெரியாததால்தான் பலரும் பத்தாம் நாளே "ஒத்துக்கல" என்று நிறுத்துகிறார்கள். தொடக்க வாரங்களில், முக்கியமாக 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு, தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். இன்னொரு கூட்டம் இரண்டாம் மாதம் சிரிப்பு திரும்பியதும் நிறுத்துகிறது. குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு வரும். நோயும் திரும்பலாம்.

பலர் மாத்திரையை விடுவது தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குப் போகும் மூன்றாம், ஐந்தாம் மாதத்தில். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் எடுக்க வேண்டியிருக்கிறது, மருத்துவர் வேறு ஊரில், இரவில் குழந்தையைத் தூக்கிய அம்மா கூட இல்லை. அந்தப் பயணத்துக்கு முன்பே ஒரு மாத மருந்து, சீட்டின் நகல், அங்கே பார்க்கப்போகும் மருத்துவமனை, விஷயம் தெரிந்த ஒரு ஆள் ஆகிய நான்கையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கணவருக்குத் தெரியாமல் ஆறு மாதம் மாத்திரை போடுவது நடக்கிற காரியமில்லை.

தூக்கத்தை விட்டுவிட்டு உபதேசம் செய்வது

பத்திய சாப்பாடு வேளைக்கு வரும், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் தவறாது, தாயின் தூக்கத்துக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. சில வீடுகளில் பகலில் கண்ணயரவும் விடுவதில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு நான்கைந்து மணி நேரம் தொடர்ச்சியான தூக்கம் மருந்தின் ஒரு பகுதி. இரவு 9 மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவர் வேறு அறையில் படுக்கட்டும். நடுவில் வரும் ஒரு வேளைக்கு, பீய்ச்சி வைத்த பாலைக் கணவரோ பாட்டியோ பாலாடையில் புகட்டினால் 2 மணி வரை தூங்கலாம். மார்பு கட்டிக்கொண்டால் எழுந்து பீய்ச்சிவிட்டுப் படுக்கலாம். பீய்ச்சிய பால் 25 டிகிரி வரை நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள், அங்கே நான்கு நாள் வரை இருக்கும். தூக்க மாத்திரை எடுக்கும் தாய் குழந்தையை ஒரே படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது.

"குழந்தை முகத்தைப் பார்த்துச் சந்தோஷமா இரு" என்பதும் "நாங்க எல்லாம் வயல்ல பெத்தோம்" என்பதும் அவர் காதில் குற்றச்சாட்டாகவே விழும். துணி துவைப்பதும் வந்த விருந்தினரைச் சீக்கிரம் அனுப்பிவைப்பதும் அதைவிட உதவும்.

லேசானது முதல் மிதமான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். மனநல நிபுணர் கிடைக்காத ஊரில் அது முடியாது என்பதும் தவறான நினைப்பு. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் 16 முறை பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அவர்கள் சந்தித்த தாய்மார்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு மிச்சமிருந்தது, இந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் சந்தித்த குழுவில் 53 சதவீதம். 2008-ல் வெளியான இந்த ஆய்வின் கையேட்டைத்தான் உலக சுகாதார நிறுவனம் பின்னர் வெளியிட்டது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

"ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள்" என்று பயந்து தள்ளிப்போட வேண்டாம். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால் மட்டுமே, அதுவும் தற்காலிகமாக. பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் தனிப் பிரிவு இருக்கிறது.

ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வரும் வாய்ப்பு அதிகம். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பழைய சீட்டோடு போங்கள். இருதுருவ நோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும்; அதை எடுப்பவர் கருத்தரிப்பதற்கு முன்பே மாற்று மருந்துக்குப் போக வேண்டும், கரு தங்கியது தெரிந்த பிறகு என்றால் தாமதம்.