ஃபிராக்சர் டேபிளில் காலைப் பூட்டுவதும் இழுப்பதும்: புதிதாக வரும் ஓ.டி. டெக்னீசியன்களுக்கு

உடைந்த காலை இழுத்துப் பிடித்தபடி ஆபரேஷன் செய்ய உதவுகிற ஃபிராக்சர் டேபிளில் நிற்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் சுற்றுகிற கைப்பிடி பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த இழுப்பைத் தாங்குகிற இடமோ கவட்டை. தொடைகளுக்கு நடுவே நிற்கிற பெரினியல் போஸ்ட்தான் உடம்பு கீழே சரியாமல் பிடித்து நிறுத்துகிறது. பாதத்தில் கூட்டுகிற ஒவ்வொரு சுற்றும் அங்கே போய் அழுந்துகிறது. அந்த இடத்தில்தான் புடெண்டல் நரம்பு ஓடுகிறது. அது நசுங்கினால் பிறப்புறுப்பில் மரத்துப்போகும், ஆண்களுக்கு விறைப்பிலும் குறை வரலாம். எக்ஸ்ரே எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த நோயாளிக்கு அது நல்ல ஆபரேஷன் இல்லை. அதனால் கண் பாதத்தில் இருக்கும்போதே நினைப்பு போஸ்ட்டில் இருக்கட்டும்.

நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே டேபிளைப் பூட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்து இடுப்பு என்பதை ஒப்புதல் படிவத்திலும், தோலில் போட்ட மார்க்கிலும், எக்ஸ்ரேயிலும் சரிபார்த்த பிறகே இரண்டு கால் தாங்கிக் கைகளையும் மாட்டுங்கள். ஒவ்வொரு லாக்கையும் இறுக்கிவிட்டு, கையால் அசைத்துப் பாருங்கள். காலை இழுக்கிற திருகு முழுவதும் வெளியே வந்த நிலையில் இருந்தால் அப்புறம் இழுக்க இடமே இருக்காது. அதை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டேபிள் தாங்கும் எடை அதன் பக்கவாட்டுத் தகட்டில் எழுதியிருக்கும், அதையும் ஒரு தடவை படியுங்கள். ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டுகிற சி-ஆர்ம் கருவியை வெறும் டேபிளில் ஓட்டி, நேர்ப்படமும் பக்கவாட்டுப் படமும் எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பின்னால் வருகிற பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மயக்க மருந்து கொடுப்பது பெரும்பாலும் ட்ராலியிலோ கட்டிலிலோ முடிந்துவிடும். முதுகில் ஊசி போடுகிற ஸ்பைனலோ, முழு மயக்கமான ஜெனரலோ, தசை நன்றாகத் தளர்ந்திருந்தால் குறைவான இழுப்பே போதும். தசை இறுக்கமாக இருக்கும்போது திருகைச் சுற்றிச் சுற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, நம் வேலை.

போஸ்ட்டைப் பொருத்துவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய போஸ்ட் வேண்டாம். பேடிங்கோடு சேர்த்து 10 செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் அழுத்தம் பரவலாக விழும். பேடிங்கின் மேலுறை கிழிந்து உள்ளே ஃபோம் அமுங்கிப்போயிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். நோயாளியைக் கீழ்ப்பக்கமாக நகர்த்தி, போஸ்ட் கவட்டையில் நன்றாகப் பதிய வைக்க வேண்டும். இடைவெளி விட்டால், இழுக்கும்போது உடம்பு மொத்தமும் சரிந்து வந்து போஸ்ட்டில் முட்டும். பதிந்ததும் கையுறை போட்ட கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ஆண்களுக்கு விரைப்பை ஒரு பக்கம் மாட்டியிருக்கக் கூடாது, பெண்களுக்கு யோனி இதழ் மடங்கியிருக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் போஸ்ட்டுக்கும் தோலுக்கும் நடுவில் அகப்பட்டிருக்கக் கூடாது. கூச்சப்பட்டு இதைத் தாண்டிவிடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு துணியால் மறைத்துக்கொண்டு, மரியாதையாக, ஆனால் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். போஸ்ட் பதிந்து, இரண்டு பாதமும் பூட்டில் (பாதத்தை இறுக்கிக் கட்டுகிற காலணி) ஏறும் வரை டேபிளின் கால் பகுதியைக் கழற்றாதீர்கள். அதுவரை ஒருவர் கால்களைத் தாங்கிக்கொண்டே நிற்கட்டும்.

அடுத்தது பூட். இடுப்பு உடைந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். புறங்கால் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், உரசினாலே உரிந்துவரும். பாதத்திலிருந்து கணுக்காலுக்கு மேல் வரை காட்டன் ரோலைச் சுருக்கம் விழாமல் சுற்றுங்கள். குதிகாலிலும் இரண்டு கணுக்கால் முட்டிலும் ஒரு சுற்று கூடுதலாக இருக்கட்டும். குதிகால் பூட்டின் அடிப்பாகத்தில் முழுசாக உட்கார வேண்டும். ஒரு விரல் இடைவெளி இருந்தாலும், இழுக்க இழுக்கப் பாதம் மேலே நழுவி, பாதி ஆபரேஷனில் பூட் கழன்றுவிடும். ட்ரேப்புக்கு (நோயாளி மேல் மூடுகிற ஸ்டெரைல் துணி) அடியில் கழன்ற பூட்டைத் திரும்பப் பூட்டுகிற வேலை யாருக்கும் வேண்டாம். முதலில் கணுக்கால் பட்டை, அப்புறம் புறங்கால் பட்டை. இறுக்கிய பிறகு பூட்டைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பாருங்கள். குதிகால் அசையக் கூடாது. விரல் நுனி வெளியே தெரிந்தால் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவர்களுக்கும் இடுப்பு உடையும். அப்போது பூட்டைத் தலைகீழாகத் திருப்பி, மடக்கிய முழங்காலை அதில் வைத்துக் கட்டுகிற முறை உண்டு. எலும்பில் கம்பி போட்டு இழுக்கிற முறையும் உண்டு. எது என்பதைச் சர்ஜன்தான் முடிவு செய்வார். ஆனால் முதல் நாளே கேட்டு வைத்தால் காலையில் திண்டாட வேண்டாம்.

நல்ல காலை எங்கே வைப்பது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. அதைத் தூக்கி, முழங்காலை மடக்கி, கெண்டைக்காலைத் தாங்கியில் போட்டு வைப்பார்கள். சி-ஆர்முக்கு வழி தாராளமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் உயர்ந்த காலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. தாங்கி கெண்டைக்காலை அழுத்துவதும் சேர்ந்தால், எந்தக் குறையும் இல்லாத காலில் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் (தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடுகிற நிலை) வந்துவிடலாம். முழங்காலுக்கு வெளிப்புறம், ஃபிபுலா எலும்பின் தலைக்குக் கீழே ஓடுகிற நரம்பு நசுங்கினால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகும். அதனால் கத்தரிக்கோல் நிலையைத்தான் நான் முதலில் கேட்பேன்: இரண்டு காலும் பூட்டில், அடிபட்ட கால் சற்று மேலே, நல்ல கால் கீழே. இன்னொரு நன்மையும் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிடிமானம் இருந்தால் இடுப்பெலும்பு போஸ்ட்டைச் சுற்றித் திரும்பாது. சர்ஜன் தூக்கி வைக்கத்தான் சொல்கிறார் என்றால், தாங்கியில் நல்ல பேடிங் போட்டு, உயரத்தைக் குறைத்து, வேலை நீண்டால் நினைவுபடுத்துங்கள்.

அடிபட்ட பக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே, தலையணை வைத்து, தளர்வாகக் கட்டுங்கள். மற்றக் கை ஆர்ம்போர்டில், தோளுக்கு 90 டிகிரிக்கு மேல் விரியாமல். தோல் எந்த இரும்பிலும் படக் கூடாது.

சரி, இனி இழுப்பு. முதலில் கையால் இழுங்கள், திருகு அப்புறம். பூட்டைப் பிடித்து மெதுவாக நீட்டி, தாங்கிக் கையை லாக் செய்துவிட்டு, மிச்சத்தைத் திருகால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ட்ரோகான்டர் (தொடையெலும்பின் மேல்முனையில் இருக்கிற புடைப்பு) பகுதி முறிவில் வழக்கமான வரிசை இது: காலைச் சற்றே விரித்து, வெளிப்பக்கம் திரும்பியபடியே இழுத்து நீளத்தை மீட்பது, பிறகு உட்பக்கம் 10 முதல் 15 டிகிரி திருப்புவது. முழங்கால் சில்லு கூரையைப் பார்த்தோ, ஒரு துளி உள்ளே சாய்ந்தோ இருக்கும். நீளம் வராமல் திருப்பினால் முறிந்த முனைகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும்.

போதுமா இல்லையா என்பதை சி-ஆர்ம் சொல்லும். நேர்ப்படத்தில் பெரிய ட்ரோகான்டரின் உச்சியைப் பாருங்கள். அது தொடையெலும்புத் தலையின் மையத்துக்கு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். உச்சி மேலே நின்றால் இன்னும் இழுக்க வேண்டும், கீழே போய்விட்டால் அதிகமாக இழுத்துவிட்டோம். பக்கவாட்டுப் படத்தில் முறிவு பின்னால் தொய்ந்திருந்தால் அது இழுப்பால் தீராது. தொடைக்கு அடியிலிருந்து முட்டுக் கொடுத்துத் தூக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால், “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று சர்ஜன் கேட்கும்போது, “சார், உச்சி மட்டத்துக்கு வந்துவிட்டது, பின்னால்தான் தொய்வு தெரிகிறது” என்று சொல்ல முடியும். நல்ல சர்ஜன் அதைக் கேட்டுக்கொள்வார். எலும்புக்குள் ஆணி போடுகிற கேஸ் என்றால், நிலை சரியான பிறகு காலை 10 முதல் 15 டிகிரி உள்ளே அணைத்து, மேலுடம்பை எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்தால்தான் ஆணி இறங்க வழி கிடைக்கும்.

திருகைக் கூட்டத் தொடங்கிய நேரத்தைப் பலகையில் எழுதுங்கள். ட்ரேப் போட்ட பிறகு திருகும் கைப்பிடியும் நம் கையில்தான். “கால் சுற்று கூட்டுகிறேன்”, “லாக் செய்துவிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். முறிவு பொருந்தி, கம்பி உள்ளே போய் நிலை உறுதியானதும், “இழுப்பைக் குறைக்கலாமா?” என்று நாமே கேட்கலாம். ஆணியை எலும்போடு பிணைக்கிற கீழ் லாக்கிங் ஸ்க்ரூ போடுவதற்கு முன் தளர்த்துவது முக்கியம். இழுத்த நிலையிலேயே பூட்டினால் முறிவில் இடைவெளி நின்றுவிடும், எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.

சிறு துளை வழியாகக் கேமரா விட்டு மூட்டைப் பார்க்கிற இடுப்பு ஆர்த்ராஸ்கோபி வேறு விஷயம். அங்கே முறிவு இல்லாத, இறுக்கமான மூட்டையே 8 முதல் 10 மி.மீ. பிரிக்க வேண்டும். வலு அதிகம் தேவை, ஆகவே நரம்புக்கு ஆபத்தும் அதிகம். போஸ்ட்டை ஆபரேஷன் செய்கிற காலின் உள்தொடைப் பக்கமாகத் தள்ளி வைப்பார்கள். அழுத்தம் நடுவிலிருந்து விலகும், தொடையும் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு மூட்டு திறக்கும். இழுப்பு 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து அவ்வப்போது சத்தமாகச் சொல்வது நம் பொறுப்பு. போஸ்ட்டே இல்லாமல், முதுகுக்கடியில் வழுக்காத ஃபோம் விரித்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி உடம்பு எடையாலேயே பிடித்துவைக்கிற முறையும் இப்போது இருக்கிறது. வசதி இருக்கிற இடத்தில் அது எனக்குப் பெரிய நிம்மதி. முன்பக்கமாகத் திறந்து மூட்டு மாற்றுகிறவர்கள் இதே போன்ற டேபிளில் காலை வெளிப்பக்கம் நிறையத் திருப்பச் சொல்வார்கள். அந்த முறுக்கு கணுக்கால் வழியாகப் போகிறது. எலும்பு தேய்ந்தவர்களுக்குக் கணுக்கால் உடைந்ததும் உண்டு. கை கனமாக உணர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

முடிந்ததும் வரிசை மாறக் கூடாது. திருகை முழுவதும் தளர்த்துங்கள், டேபிளின் கால் பகுதியை மாட்டுங்கள், பூட்டைக் கழற்றுங்கள், கடைசியாகப் போஸ்ட். பேடிங்கைப் பிரித்துக் குதிகாலையும் கணுக்காலையும் பாருங்கள். புறங்காலில் நாடியைத் தொட்டுப் பாருங்கள். நல்ல காலின் கெண்டைச்சதை இறுகியிருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். கவட்டையில் சிவந்திருந்தால் அதையும், இழுப்பு மொத்தம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதி, ரெகவரி சிஸ்டரிடம் வாயாலும் சொல்லுங்கள். ஸ்பைனல் இறங்கிய பிறகு, “கீழே மரத்த மாதிரி இருக்கிறதா?” என்று அவரே நோயாளியைக் கேட்கட்டும். வெட்கப்பட்டு அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.